கீழ்ப்பாதி

இந்த வாரமும் பெங் பாதியில் நிறுத்திவிட்டாள்.

சியூ வென்லானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆங்கில டியூஷனில் எத்தனையோ மக்குகளை மேய்த்தவள் அவள். கேள்வித்தாளின் மேல்பாதிக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, கீழ்ப்பாதியைத் திரும்பியும் பார்க்காத ஒரு பையனை இதுவரை கண்டதில்லை.

பெங்கின் மகன் லெயாங்கை அவள் நேரில் கண்டதே இல்லை என்பது வேறு விஷயம்.

"ராத்திரிதான் வருவான், டீச்சர். விடியறதுக்குள்ள போயிடுவான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள் பெங். ஏதோ ஆலையில் வேலை போலிருக்கிறது என்று வென்லானும் விட்டுவிட்டாள்.

பெங்குக்கு அரிசி நூடுல்ஸ் கடை. காலைக் கூட்டம் வடிந்ததும் வென்லான் போய்ப் புதுக் கேள்வித்தாளைக் கொடுப்பாள். மகன் சொன்ன பதில்களைப் பெங் ஒப்பிப்பாள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆல்லெடி... யெட்... ஸ்டில்..." என்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

எல்லாம் காலத்தைச் சொல்லும் சொற்கள். கல்லூரி நுழைவுத் தேர்வில் அதில்தான் கோட்டை விட்டானாம். விடாதவர் யார்? நேற்றானாலும் நாளையானாலும் வினைச்சொல் அசைந்து கொடுக்காத மொழி நம் சீன மொழி. லெயாங்கும் கண்ட இடத்தில் எல்லாம் 'ஆல்ரெடி'யைத் திணித்தான். 'ஸ்டில்' மட்டும் ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"இப்படி அரைகுறையா படிச்சா இந்தத் தடவையும் ஊத்திக்கும், அக்கா. கீழ இருக்கற கேள்வி என்ன, கடிக்குமா? நல்ல கெட்டித் தாளா பாத்து, என் கைக்காசு போட்டு அச்சடிச்சிட்டு வரேன்!"

பெங் ஏற்கெனவே துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள்.

"எனக்கு மட்டும் ஆசையா, டீச்சர்? தினம் வந்து தலமாட்டுல நின்னு அழுவறான். பாஸாகாம போக மாட்டேங்கறான்."

வென்லானுக்கு மனசு கேட்கவில்லை. கத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"சரி, விடுங்க. நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

பெங் பின்கட்டுக்குப் போய் ஓர் இரும்புச் சட்டியைத் தூக்கி வந்து அவள் காலடியில் வைத்தாள். செத்துப்போனவர்களுக்குக் காகிதக் காசு எரிக்கிற சட்டி. எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

சாம்பலுக்கு நடுவே, போன வாரக் கேள்வித்தாளின் கீழ்ப்பாதி, ஓரம் மட்டும் கருகிக் கிடந்தது.

"மெல்லிசுத் தாளா குடுங்க, டீச்சர். இது எவ்ளோ ஊதினாலும் பாதியிலயே அணைஞ்சிடுது. எரிஞ்ச வரைக்கும்தான் அவன் கைக்குப் போய்ச் சேருது."