முப்பத்தெட்டில் ஒருத்தி

“இவ கண்ணு அவிஞ்சு போயிருமா டாக்டரம்மா? அதை மட்டும் மறைக்காம சொல்லிருங்க.”

நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள் முருகம்மாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் தரம் பிரிக்கிறவள். சாரலில் நனைந்த சேலையோடு தென்காசி கண் ஆஸ்பத்திரி வரை வந்திருந்தாள். பக்கத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சங்கரேஸ்வரி. அவளுக்கும் பக்கத்தில் வகுப்பாசிரியர் தளவாய்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. முதல் சுற்றை ஆசிரியர்களே செய்துவிடுவார்கள். அதற்கென்று ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதில் ஒரே வரிசையில் நாலு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் சீப்புப் பல் மாதிரி மூன்று கால். பிள்ளை இருபதடி தள்ளி நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். பக்கத்திலேயே ஆசிரியர் சரியான விடை அச்சடித்த தாளோடு நின்று டிக் போடுவார். தப்பாகச் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

தளவாய் சார் வகுப்பு எந்தப் பரீட்சையிலும் கோட்டை விட்டதில்லை. இதிலும் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழு பேர் பாஸ். சங்கரேஸ்வரி ஒருத்திதான் நாலையும் தப்பாகச் சொன்னாள். இரண்டு கண்ணிலும்.

அன்று சாயங்காலமே முருகம்மாள் மகளின் சைக்கிளைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மார்க்கெட் ரோட்டில் டெம்போவும் லாரியும் என்ன வரத்து வருகிறது! கண் தெரியாத பிள்ளையை அதில் எப்படி விடுவது? பள்ளிக்கூட நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது. படித்தவரை போதும், தன்னோடு காய் பொறுக்க வரட்டும் என்று முடிவே கட்டிவிட்டாள். எனக்கு நல்லாத்தான் தெரியுது என்று மகள் நாலு நாள் அழுதும் எடுபடவில்லை. சார் என்ன பொய்யா சொல்லுதாவ என்று ஒரே பேச்சில் அடக்கிவிட்டாள்.

பிள்ளையின் படிப்பு நிற்கப்போகிறது என்று கேட்டதும் தளவாய் சாருக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். லீவு போட்டுவிட்டு வீட்டுக்கே போய், தாயையும் மகளையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

டாக்டர் ஸ்ரீரஞ்சனி மிஷினில் பார்த்தாள், லைட் அடித்துப் பார்த்தாள், சுவரில் இருந்த போர்டைப் படிக்கச் சொன்னாள். சங்கரேஸ்வரி கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தாள்.

“உங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லம்மா. கண்ணாடிகூட வேண்டாம். தாராளமா சைக்கிள் ஓட்டட்டும்.”

முருகம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு சாவியை எடுத்து மகள் கையில் வைத்து அமுக்கினாள்.

தளவாய் சாருக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் குழப்பம் தீரவில்லை. விடைத்தாளைக் கையிலேயே வைத்திருந்ததையும், இவள் சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை என்பதையும் இரண்டு முறை சொன்னார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று டாக்டர் சங்கரேஸ்வரியைக் கேட்டாள். அவள் சாரைப் பார்த்தாள். பயப்படாம சொல்லு என்றார் சார்.

“சார் ஒரு வாரமா எங்களுக்குச் சொல்லித் தந்தாவ மேடம். மேல, வலது, கீழ, இடது. எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டோம். அன்னைக்குப் பார்த்து எங்க கிளாஸ் இசக்கிதுரை அட்டையைச் சுவத்துல தலைகீழா ஒட்டிட்டான். எனக்கு வலது, மேல, இடது, கீழன்னுதான் தெரிஞ்சுது. தெரிஞ்சதைச் சொன்னேன்.”

“மத்த முப்பத்தேழு பேரும்?”

“சார் சொல்லித் தந்ததைச் சொன்னாவ.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். அந்த முப்பத்தேழு பேரின் கண்ணை இன்னும் யாருமே பார்க்கவில்லை என்று அமைதியாகச் சொன்னாள். திங்கட்கிழமை வேன் அனுப்புகிறேன், ஒருத்தர் விடாமல் எல்லாரையும் பார்த்துவிடலாம் என்றாள்.

தளவாய் சார் முகம் சுண்டிப்போயிற்று. பிள்ளைகள் பதறக் கூடாதே என்றுதான் சொல்லிக்கொடுத்தேன், அது தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தலைகீழ் விஷயத்தை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை.

“மேடம், ஒவ்வொரு பிள்ளை பக்கத்துலயும் நான்தானே நின்னேன்? முப்பத்தெட்டுத் தடவை அந்த அட்டையைப் பார்த்திருக்கேன். தலைகீழா இருந்தா எனக்குத் தெரியாமலா போயிருக்கும்?”

டாக்டர் எழுந்து, சங்கரேஸ்வரியை உட்காரவைத்துப் பரிசோதித்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“பிள்ளைங்க திங்கட்கிழமை வரட்டும். நீங்க இப்பவே உக்காருங்க சார்.”