மாமனாரின் முதல் பாடம்

"மாப்பிள்ளை, டீ ஆறுறதுக்குள்ள உங்க கம்பெனியையே துடைச்சு வச்சிட்டேன்."

ஓய்வுபெற்ற மாமனார் அளக்க வாயைத் திறந்தால் வானம் ரெண்டு முழம் கீழே இறங்கும். மாப்பிள்ளை சிரித்தான்.

"நேத்துதான் என் பழைய லேப்டாப்பை வாங்கி, கிளவுட் புரோகிராம் எழுதப் பழக ஆரம்பிச்சீங்க. எங்க கம்பெனி ஃபைலெல்லாம் இருக்கிற கிளவுடுக்குள்ள, பாஸ்வேர்டு மாதிரி ஒரு ரகசியச் சாவி இல்லாம எமனே வந்தாலும் போக முடியாது மாமா."

"சாவியா? அது கேட்கவே இல்லையே. முதல் பாடத்துல சொன்னபடி 'இருக்கிறதைக் காட்டு'ன்னேன், காட்டுச்சு. ஒரே குப்பை. 'அழி'ன்னேன், அழிஞ்சுது."

மாப்பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றது. போன் அடித்தது. முதலாளி.

"நம்ம ஃபைல் ஒண்ணுகூட இல்லை. பாதுகாப்புக்குத் தலைவர் நீங்க. யார் சாவியில் திறந்திருக்காங்க?"

அவன் பழைய லேப்டாப்பைப் பார்த்தான். "என் சாவிதான் சார். பழைய லேப்டாப்பிலேயே விட்டுட்டேன். அழிச்சது எங்க மாமனார். நம்புங்க சார், நிஜமாவே நடந்துச்சு."