இனிக்கும் நிலநடுக்கம்

போர்ட் பிளேரில் எட்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்த அமலோற்பவத்துக்கு, பிள்ளைகளின் காதில் மாட்டியிருந்த 'இதமி'யைக் கண்டாலே குமட்டும். பயமுறுத்தும் சொல் எதையும் அந்தக் கருவி இனிப்பாக மாற்றித்தான் உள்ளே விடும். "நம்ம தீவுக்கடியில ஒரு பாறைத்தட்டு இன்னொரு தட்டுக்குக் கீழ செருகிக்கிட்டே இருக்கு. ஒருநாள் திமிறும், கடல் ஏறும்" என்று அவள் சொன்னால், "பூமி புரண்டு படுக்குது, செல்லங்களா" என்றுதான் அவர்களுக்குக் கேட்கும். இதற்குப் பெயர் கல்வியாம்.

அன்று பாடத்தின் நடுவில் தரை குலுங்கியது.

"மேட்டுக்கு ஓடுங்க!" என்று கத்தினாள். பிள்ளைகள் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு பெஞ்சாகப் போய் அந்தச் சனியன்களைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

"எந்திரிங்கடா, செத்துப்போவீங்க!"

அப்போதுதான் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பிள்ளைகூடக் குறையாமல் குன்றேறிவிட்டார்கள்.

மூச்சிரைக்க நின்றவளிடம் தலைமையாசிரியர் தனஞ்செயன் வந்தார். சட்டை நனைந்திருந்தது, அதிகாரம் நனையவில்லை.

"டீச்சர், பிள்ளைங்ககிட்ட 'செத்துப்போவீங்க'ன்னு சொன்னீங்களாமே? பெத்தவங்க போன்ல கொதிக்கிறாங்க. விளக்கம் எழுதி என் மேசையில வைங்க."

அவள் கீழே பார்த்தாள். பள்ளி இருந்த இடத்தில் கடல் தளும்பிக்கொண்டிருந்தது.

"வைக்கிறேன் சார். நீங்க முதல்ல நீந்திப் போய் மேசையப் புடிச்சுட்டு வாங்க."