ஒரே ஒரு மொட்டு

பத்து மணிக்குக் கல்யாணம். பெண்ணைக் கைபிடித்து அழைத்துப் போகவேண்டிய தகப்பன் வாடகைக் கோட்டும் சூட்டுமாகக் கொல்லைப்புறச் சேற்றில் குனிந்து நிற்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த லோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சர்ச்சில் கொடுத்த அட்டை விசிறியை வீசிக்கொண்டே போய் அவர் எதிரில் நின்றாள். ஜூன் மாதத்து ஜார்ஜியா வெயில் காலையிலேயே வேலையை ஆரம்பித்திருந்தது.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாளாவது மனுஷனா இருக்கக் கூடாதா?"

"விரிஞ்சிருச்சு லோரீன்," என்றார் ஹார்லன். குரல் குழைந்தது. "விதை போட்டு மூணு வருஷம். முதல் பூ, ஒரே ஒரு மொட்டு. வந்ததுக்குக் கொஞ்சம் பாத்துட்டுத்தான் திட்டேன்."

பார்த்தாள். ஒரே நாள் பூக்கிற லில்லியான டேலிலிதான். ஆனால் இதழ்கள் ரிப்பன் மாதிரி நீண்டு, முறுக்கிச் சுருண்டு கிடந்தன. கத்திரிக்காய் நிறத்துக்குள் நீலம் ஓடியது, பூவின் நடுக்குழி மட்டும் பச்சை. அழகாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

"சாயங்காலத்துக்குள்ள வாடிடும். வெயில் ஏறிட்டா காய் பிடிக்காது. இப்பவே வேற நல்ல பூவோட மகரந்தத்தை வெச்சாத்தான் உண்டு. இல்லேன்னா அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் நீங்க உயிரோட இருந்தாத்தானே," என்றாள் லோரீன்.

ஹார்லனின் பூப்பித்து ஊரறிந்தது. இந்தப் பூவையும் அந்தப் பூவையும் சேர்த்து, யாரும் பார்த்திராத ஒரு பூவை உண்டாக்க வேண்டும். தேனிலவு என்று சொல்லி அவளைப் பூக்கண்காட்சிக்கு அழைத்துப் போன ஆள். மகள் டெஸ்ஸா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர் கையில் மகரந்தம் எடுக்கும் இடுக்கி இருந்தது. ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற இடத்திலெல்லாம் அவருடைய மகரந்த டப்பாக்கள்தான். கல்யாணச் சாப்பாட்டுக்கு இடம் வேண்டுமென்று நேற்றுதான் சண்டை போட்டு அத்தனையையும் காலி செய்ய வைத்தாள்.

தனக்கு வாய்த்தது வாய்த்துவிட்டது. தன் மகளாவது புருஷனைப் பூவோடு பங்கு போட்டுக்கொள்ளாமல் வாழ வேண்டும். லோரீன் கர்த்தரிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

கர்த்தரும் கேலப்பை அனுப்பினார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. முதல் தடவை சாப்பிட வந்த அன்றே லோரீன் கேட்டுவிட்டாள், "பூவெல்லாம் பிடிக்குமா தம்பி?"

"ரோஜாவுக்கும் முட்டைக்கோசுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது ஆன்ட்டி," என்றான் அவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்ஸா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோரீன் அவனுக்குப் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பில் பெரிய துண்டாக இன்னொன்று வெட்டி வைத்தாள்.

"போதும், நடங்க," என்று இப்போது கணவரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

வழக்கமாக அரை மணி நேரம் வாதாடுகிற மனிதர், "சரி வா. கல்யாணம்தானே முக்கியம்," என்று கூடவே நடந்தார். லேசாகச் சிரித்தது போலவும் இருந்தது. ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று லோரீன் நினைத்துக்கொண்டாள்.

சமையலறைப் படியில் மாப்பிள்ளைக் கோலத்தில் கேலப் நின்றிருந்தான்.

"அத்தை, காலையில ஃப்ரிட்ஜில ஒரு சின்ன டப்பா வெச்சேனே, மருந்து. எடுத்துக்கட்டுமா?"

"உருளைக்கிழங்கு சாலட் பின்னாடி இருக்கு பாரு. உடம்புக்கு என்னப்பா?"

"அலர்ஜி அத்தை. பூ பக்கம் போனாலே தும்மல்."

லோரீனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பூ பக்கம் போனாலே தும்முகிற மாப்பிள்ளை. தேடினாலும் கிடைப்பானா?

மணி பத்து. வாசலில் பீகன் மரத்தடியில் நாற்காலிகளெல்லாம் நிறைந்திருந்தன. பாஸ்டர் பைபிளைத் திறந்தார், பிடில்காரர் வாசிக்க ஆரம்பித்தார். ஹார்லன் நல்ல பிள்ளையாக வாசற்கதவருகே கையை மடக்கி நின்றார். பெண்ணைத்தான் காணோம்.

தோழிப்பெண் ஓடி வந்து லோரீன் காதில் கிசுகிசுத்தாள். "டெஸ்ஸா ரூம்ல இல்ல ஆன்ட்டி. ஜன்னல் திறந்து கிடக்கு. என்னோட புருவம் பிடுங்குற இடுக்கியையும் காணோம்."

"இடுக்கி நாசமாப் போகட்டும், பொண்ணு எங்கடி?"

அதற்குள் மாப்பிள்ளைத் தோழன் முகம் வெளுத்துப்போய் வந்தான். கேலப்பையும் காணவில்லை.

லோரீனுக்கு ஒன்றுதான் தோன்றியது. கடைசி நேரத்தில் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போய்விட்டதா? இப்படி ஒரு பையனை விட்டுவிட்டு இனி எங்கே போய்த் தேடுவாள்? ஊரே பார்க்க, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள்.

வெள்ளைக் கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டி முடிந்துகொண்டு, டெஸ்ஸா சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒற்றைப் பூவின் காம்பை இரண்டு விரலால் ஆடாமல் பிடித்திருந்தாள்.

அவளுக்கு எதிரே கறுப்புக் கோட்டோடு மண்டியிட்டிருந்தான் கேலப். கையில் புருவ இடுக்கி. காலடியில் மருந்து டப்பா திறந்திருந்தது. அதில் மாத்திரை எதுவும் இல்லை, மஞ்சளாக ஒரு சிட்டிகைத் தூள்தான் இருந்தது.

லோரீன் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, விசிறியை எடுத்துப் படபடவென்று வீசிக்கொண்டாள்.

கேலப் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"அத்தை, விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்க. மகரந்தம் பறந்துடும்."