அவன் பார்த்துக்கொண்டிருந்த படங்கள்

டிவிக்குக் கீழே இருந்த பெட்டியின் விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

திரையில் கம்பெனி முத்திரை வந்தது. அதன் கீழே ஒரு கோடு பாதிவரை நிரம்பியது, நின்றது, எல்லாம் இருண்டது. மறுபடியும் முத்திரை. காலையிலிருந்து இதே கூத்து.

“ஓடிக்கிட்டிருக்கிற மோட்டாரை யாராவது பிரிப்பாங்களா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை” என்றார் அவர்.

வாழ்நாளெல்லாம் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர். தானாக வந்து, தானாக நுழைந்து, தானாகக் கெட்டும் போகிற இந்த அப்டேட் அவருக்குப் பிடிபடவே இல்லை.

அவர் மனைவி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டிருந்தாள். அங்கே பேசிய பெண் சொன்னபடி ஒயரைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து, மறுபடி செருகினாள். வைஃபையை அணைத்துப் போட்டாள். அப்படியும் கோடு பாதியைத் தாண்டவில்லை.

கடைசியில், பெட்டியின் பின்பக்கம் ஒரு சிறிய ஓட்டை இருக்கும், அதற்குள் ஊக்கு முனையை விட்டு அழுத்தியே பிடியுங்கள் என்றாள் கஸ்டமர் கேர் பெண். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமாம். கணக்கைத் திறந்தால் பழையபடி வந்துவிடுமாம்.

எல்லாம் வந்துவிடுமா என்று இவள் மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொண்டாள்.

அவளுக்குப் படம் பெரிதில்லை.

பெட்டி ஓடியது மகனுடைய கணக்கில். வேலைக்கு வேறு ஊர் போகும்போது அவன் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. போன இடத்தில் தனக்குப் பிடித்தவளைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்பாவும் பிள்ளையும் போனில் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அத்தோடு பேச்சு அற்றுப்போனது. அவன் நம்பரை அவள் போனிலிருந்தும் அவரே அழித்தார்.

இந்தக் கணக்கை மட்டும் அவன் அறுத்துவிடவில்லை. மறந்துவிட்டானோ, மனம் வரவில்லையோ.

சாயங்காலம் டிவியைப் போட்டதும் முதலில் அவன் பெயரைத்தான் திறப்பாள். பாதி பார்த்த படங்கள் வரிசையாக நிற்கும். நேற்றைவிட இன்று ஒரு படத்தின் அடியில் கோடு நீண்டிருந்தால், வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். அது சிரிப்புப் படமாக இருந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்கும் மனசு லேசாகிவிடும்.

அந்த நேரத்தில் அவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

ஊக்கால் அழுத்தினாள்.

இந்த முறை கோடு முழுக்க நிரம்பியது. திரை பளிச்சென்று வந்து, கணக்குக்கு உரியவரின் போன் நம்பரைக் கேட்டது.

அவள் ரிமோட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவர்தான் சொன்னார். சுவரைப் பார்த்தபடி, ஒவ்வோர் எண்ணாக, ஓரிடத்திலும் தடுமாறாமல்.

அந்த நம்பருக்கு ஓடிபி போயிருப்பதாகத் திரை சொன்னது.

“கூப்பிட்டுக் கேளேன்” என்றார். “நீயே பேசு.”

போனை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

எடுத்தது ஒரு பெண். இவள் யாரென்று சொல்லி, வந்திருக்கும் ஓடிபியைக் கேட்டாள். அந்தப் பெண் அதை நிதானமாகப் படித்துச் சொன்னாள். அத்தை என்று கூப்பிட்டாள். இவள் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அவன்கிட்ட கொடும்மா, ஒரு வார்த்தை பேசிக்கிறேன் என்றாள்.

அதற்கு மருமகள் சொன்னதையெல்லாம் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தாள். முகத்தை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, கையைப் பார்த்து எண்ணைத் தட்டினாள்.

அவன் பெயர் வந்தது. படங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.

“நல்லா இருக்கானா?” என்றார் அவர்.

“ம்.”

“அந்தப் பொண்ணு?”

“நல்லாத்தான் பேசுது.”

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். இதையெல்லாமா பார்க்கிறான் என்றார். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் முடிக்கிற பழக்கம் இல்லை என்றார். ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொல்லலாமா, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டே வரட்டும், யார் வீட்டில்தான் சண்டை இல்லை என்றார். சிரித்தார். அந்தச் சண்டைக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ரிமோட்டை அழுத்தி அடுத்த படத்தைக் காட்டினாள்.

ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

“அவர் பாதியில விட்டதையும், பாக்கணும்னு சேத்து வெச்சதையும் நான்தான் ஒண்ணொண்ணா பாத்துட்டு வர்றேன் அத்தை” என்றிருந்தாள் மருமகள். “அன்னைக்கே உங்க வீட்டுக்குப் போன் பண்ணேன். மாமாதான் எடுத்தாரு. நான் யாருன்னு சொன்னதுமே வெச்சுட்டாரு. அப்புறம் லைனே போகல. எப்படியும் தெரிஞ்சு வந்துடுவீங்கன்னு, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அவரை எடுக்காம வெச்சிருந்தோம்.”