இடது கை செட்டிங்ஸ்

“மொத்தமா அழிச்சுட்டேன்டா. ஒரு துளிகூட மிச்சமில்லை.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கிசுகிசுத்தாள் அவள். நடக்கப் போயிருந்த கணவர் எந்த நிமிடமும் வந்துவிடுவார்.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “யாரைக்கா?”

“யாரையும் இல்லடா. மாமாவோட செட்டிங்ஸை.”

கரண்ட் பில் கட்டலாமே என்று அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறாள். அவர் புரோகிராம் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் சாஃப்ட்வேர், புது வெர்ஷன் வந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்டது. யார் எதைக் கேட்டாலும் சரி சொல்லியே பழகிய விரல், அதற்கும் சரியை அழுத்திவிட்டது. புது வெர்ஷன் ஏறியதும் பழைய செட்டிங்ஸ் காணாமல் போய்விட்டது.

அந்த செட்டிங்ஸ் லேசுப்பட்டதில்லை. பைக் விபத்தில் வலது கை செயலற்றுப்போனபின், இடது கையால் மட்டுமே எல்லா எழுத்தையும் அடிக்கும்படி அவர் ராப்பகலாக உட்கார்ந்து மாற்றியமைத்தது. அதை வைத்துத்தான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்.

விபத்து நடந்த அன்று அவள் பெட்டி கட்டி வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, பிரிந்துவிடலாம் என்று பேசி முடித்தாகிவிட்டது. “கை சரியாகிற வரைக்கும் இருக்கேன், அப்புறம் கிளம்பிடுவேன்” என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் தங்கினாள்.

“ஃபைலை எங்க வெச்சிருந்தார் மாமா?” என்றான் தம்பி.

“எடிட்டர் ஃபோல்டருக்குள்ளயேதான். அவரே சொல்லியிருக்கார்.”

“போச்சு போ. வாடகை வீட்டுச் சுவத்துல அலமாரி கட்டின கதைதான். வீட்டை இடிச்சுக் கட்டுறப்ப அதுவும் சேர்ந்து போயிடும். சொந்த செட்டிங்ஸை நம்ம பேர்ல இருக்கிற ஃபோல்டர்ல வைக்கணும், அதை எந்த அப்கிரேடும் தொடாது. எதுக்கும் அங்க ஒரு காப்பி இருக்கா பாரு.”

அவருடைய அறைக்குள் நுழையும்முன் வாசலில் நின்று இருமுவது அவள் வழக்கம். உள்ளே ஆளில்லை என்பதுகூட மறந்து, இருமிவிட்டு ஓடினாள். சந்து பொந்தெல்லாம் தேடியும் காப்பி எதுவும் அகப்படவில்லை.

“விடுக்கா. மாமா திட்டினா ரெண்டு திட்டு வாங்கிக்க. மறுபடி எழுதிக்குவார்.”

“உனக்குப் புரியாதுடா. அது இல்லாம இந்த வீடு ஓடாது.”

கேட் திறக்கும் சத்தம். போனை வைத்துவிட்டாள்.

கணவர் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல வலது கையை மடியில் கிடத்திக்கொண்டு, எடிட்டரைத் திறந்து இடது கையால் தட்டினார். அவர் அடித்தது ஒன்று, திரையில் விழுந்தது வேறொன்று.

“நான்தாங்க… தெரியாம அப்கிரேடை அழுத்திட்டேன்.” அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். “இன்னிக்கு லீவு சொல்லிடுங்க. அவசரமே இல்லை. மெதுவா, பழையபடியே எழுதிக்கலாம். நான் கூடவே உட்கார்றேன்.”

அவர் அவளையே பார்த்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் இப்படிக் கலங்கி அவர் பார்த்ததே இல்லை.

“அழாதே” என்றார். மடியில் கிடந்த வலது கையைத் தூக்கிக் கீபோர்டில் வைத்தார். பத்து விரலும் சேர்ந்து ஓட, ஒரு முழு வரி மளமளவென்று திரையில் விழுந்தது.

“கை சரியாகி ரொம்ப நாளாச்சு. சொன்னா நீ கிளம்பிடுவியோன்னு பயம்.” அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. அவர் மேல் பொங்கிய கோபத்தில் குரல் கம்மியது.

“அது எனக்கும் தெரியும். இனிமே நான் என்ன சாக்கு சொல்லி இங்க இருக்கிறது?”