பொன்னாடை போர்த்திய கணினி

சரிகைப் பொன்னாடை போர்த்தியிருந்த ஒரு வீட்டுக் கணினி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே அணைந்துபோயிற்று. "இன்னொரு முறை அணைந்தால் நாளைக்கே பழைய இரும்புக்கடைதான்" என்று வீட்டுக்காரி மரகதவல்லி சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

 கணினி மின்கம்பியைத் திட்டியது, சுவிட்சைத் திட்டியது. அதன் வயிற்றுக்குள் சுழலும் காற்றாடி மெல்ல வாய் திறந்தது.

"ஐயா, காற்று போகும் துளைகளை அந்தப் பொன்னாடை அடைத்துக்கொண்டிருக்கிறது. சூடு தாங்காமல்தான் அணைந்துபோகிறீர்கள்."

"உளறாதே! ஆயுதபூசையன்று எல்லாருக்கும் பொட்டு வைத்தார்கள். பொன்னாடை எனக்கு மட்டும்தான். அதை எடுப்பதா?"

சுவரிலிருந்த பல்லி சிரித்தது. "எடுக்க வேண்டாம், பெரியவரே. இரும்புக்கடையிலும் போர்த்திக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம்."

 "சரி, இழுத்துத் தொலை" என்றது கணினி. பல்லி ஒரு நூலைக் கவ்வி இழுக்க, பொன்னாடை சரிந்து தரையில் விழுந்தது.

மரகதவல்லி திரும்பி வந்து கணினியை இயக்கினாள். மூன்று மணி நேரம் ஓடியும் ஒருமுறைகூட அணையவில்லை. காற்றாடி உற்சாகமாகச் சுழன்றது. அவளும் முகம் மலர்ந்தாள். காலடியில் கிடந்த பொன்னாடையை அப்போதுதான் கண்டாள். அதை எடுத்து உதறி, முந்தின நாள் வாங்கிய பிரின்டருக்குப் போர்த்தினாள்.

கணினி அந்தக் கணமே அணைந்தது.

"ஐயா, ஐயா! இப்போது சூடே இல்லையே, என்ன ஆயிற்று உங்களுக்கு?" என்று காற்றாடி பதறியது.